பூரியும் இரண்டு கம்ப தூரமும்

பூரி என் நாய். சிப்பிப்பாறை என்கிற நாட்டு நாய் இனத்தின் கலப்பு, இரண்டு வயது. குட்டியில் என் தட்டிலிருந்து பூரியைத் தூக்கிக்கொண்டு ஓடியதால் வந்த பெயர். காட்பாடி காந்தி நகரில் தினமும் காலை ஐந்தரைக்கு நடக்கப் போவோம். எதிர்வீட்டுப் பெரியவர், "இன்னாம்மா, நீ நாயை இட்டுக்கினு போறியா, அது உன்னை இட்டுக்கினு போவுதா?" என்பார். சிரித்துவிட்டுப் போய்விடுவேன்.

பிப்ரவரியில் ஒருநாள் தெரு முனையில் நாலு நாய்கள். இவன் பாய்ந்தான், நான் கயிற்றை வெடுக்கென்று இழுத்தேன். அவற்றிடம் போக முடியாத வெறி அப்படியே திரும்பி என் தொடையில் இறங்கியது. இரண்டு பல். அடுத்த நொடி வாலை ஆட்டுகிறான்! கடித்தது யாரை என்றே அவனுக்குத் தெரிந்த மாதிரி இல்லை. சோப்புப் போட்டுக் குழாயடியில் கால் மணி நேரம் கழுவினேன். அவனுக்குத் தடுப்பூசி போட்டிருந்தும் நானும் போய் ஊசி போட்டுக்கொண்டேன்.

ஆபீசில் வாங்கிய திட்டை வீட்டில் வந்து காட்டுகிறோமே, கிட்டத்தட்ட அதுதான் இது. என் மேல் கோபமில்லை, பக்கத்தில் இருந்தது என் தொடை. அதனால் அடிப்பதும் கத்துவதும் எரிகிற அடுப்பில் விறகு வைப்பதுதான். கயிறு விறைத்தாலே அவனுக்குச் சண்டை ஆரம்பம் என்று ஆகிவிட்டிருந்தது. அந்தப் பழக்கத்தை ஏற்படுத்தியவள் நான்.

முதல் வாரம் தூரத்தை மட்டும் அளந்தேன். அளவுகோல் கரண்ட் கம்பம். வேறு நாய் இரண்டு கம்பம் தள்ளி நின்றால், நான் நீட்டும் வேகவைத்த கோழி ஈரலைத் தின்கிறான். ஒன்றரையில் காது விறைக்கிறது, ஈரலை மோந்துவிட்டு விட்டுவிடுகிறான். ஒரு கம்பத்தில் ஈரல் என்று ஒன்று இருப்பதே தெரியாது. ஆகவே ஈரலை மறுத்தால் உடனே திரும்பிவிட வேண்டும். "வாடா" என்றதும் என்னோடு திரும்புவதை மாடியில்தான் பழக்கினேன். திரும்பியதும் வேர்க்கடலை அளவு துண்டுகளைத் தரையில் இறைப்பேன். தலை கீழே போய் மோப்பம் பிடிக்க ஆரம்பித்தால் மூச்சும் மெல்ல அடங்குகிறது.

கழுத்துப்பட்டையை விட்டுவிட்டு, உடம்பைச் சுற்றி மாட்டும், நெஞ்சுப் பக்கம் வளையமுள்ள ஹார்னெஸுக்கு மாறினோம். கூடை மாதிரியான வாய்ப்பூட்டுக்கும் பழக்கினேன். துணியால் வாயைக் கட்டும் வகை வேலூர் வெயிலுக்கு ஆகாது, நாய் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்க முடியாது.

மூன்றாவது வாரம் சறுக்கல். ஞாயிற்றுக்கிழமை என்பதை மறந்து கறிக்கடைத் தெருவில் நுழைந்துவிட்டேன். ஒருபக்கம் ஆட்டோ, ஒருபக்கம் சுவர், எதிரே எலும்புக்குக் காத்திருக்கும் கும்பல். திரும்ப இடமில்லை. வாய்ப்பூட்டு இருந்ததால் முழங்காலில் ஒரு இடி, ஒரு கன்றலோடு தப்பினேன். அன்று முழுக்க கேட் சத்தத்துக்கெல்லாம் குரைத்தான். ஏறிய சூடு அவ்வளவு சீக்கிரம் இறங்காது போல. இரண்டு நாள் ரோட்டுக்கே போகவில்லை. பழைய துண்டில் ஈரலைச் சுருட்டி வைத்து மாடியில் தேடவிட்டேன்.

இப்போது ஞாயிறுகளில் பாலாற்று மணல்தான். வருவது எதுவானாலும் தூரத்திலேயே தெரியும், ஒதுங்க இடமும் உண்டு. ஏழாவது வாரம் நடக்கிறது. நாய்களுக்கு ஒன்றேகால் கம்பம் வரை வந்துவிட்டோம். ஆட்டைப் பார்த்தால் மட்டும் இன்னும் மூன்று கம்பம் கேட்கிறான்.