வியட்நாம் பாடம் நடத்தும்போது

முதுகலை வரலாற்று மாணவர்களுக்கு 1945-க்குப் பிந்தைய உலக வரலாறு நடத்துகிறேன். வியட்நாம் போர் வந்ததும் நான் முதலில் கேட்பது இதுதான்: ஆரம்பத்தில் போரை ஆதரித்த அமெரிக்க மக்கள் சில வருஷங்களில் ஏன் அதை வேண்டாம் என்றார்கள்?

எந்த வருஷம் கேட்டாலும் முதலில் வரும் பதில் டி.வி. அடுத்தது மாணவர் போராட்டம். தப்பான பதில்கள் இல்லை. ஆனால் தேதிகளோடு சேர்த்துப் பார்த்தால் இடிக்கும்.

வியட்நாமுக்குப் படை அனுப்பியது தவறா என்று, கருத்துக்கணிப்பு எடுக்கும் காலப் நிறுவனம் அமெரிக்க மக்களிடம் திரும்பத் திரும்பக் கேட்டது. ஆம் என்றவர்கள் 1965 ஆகஸ்டில் 24 சதவீதம், 1967 அக்டோபரில் 47, 1968 ஆகஸ்டில் 53, 1971 மே மாதத்தில் 61. இதைப் போர்டில் எழுதிவிட்டு, பக்கத்திலேயே இறந்த அமெரிக்க வீரர்களின் எண்ணிக்கையையும் எழுதுவேன். 1965 முடியும்போது 2,500-க்குள். 1967 முடியும்போது சுமார் 20,000. டி.வி. செய்தியாளர் வால்டர் கிரான்கைட் 'இது முட்டுச்சந்தில் நிற்கும் போர்' என்ற பொருளில் பேசியது 1968 பிப்ரவரியில். அதற்கு முன்பே நாட்டில் கிட்டத்தட்ட பாதிப் பேர் மனம் மாறிவிட்டார்கள்.

1950-53 கொரியப் போரையும் இங்கே சேர்த்துப் பேச வேண்டும். அப்போது பல வீடுகளில் டி.வி.யே கிடையாது, கல்லூரிகளிலும் பெரிய போராட்டம் இல்லை. ஆனாலும் ஆதரவு சரிந்தது. இரண்டு போர்களையும் ஒப்பிட்ட அரசியல் அறிஞர் ஜான் முல்லர், சாவு எண்ணிக்கை ஏற ஏற ஆதரவு இறங்கியதைக் காட்டினார். அதிலும் முதலில் விழும் சாவுகள்தான் ஆதரவை வேகமாகக் கரைக்கின்றன.

மாணவர்கள் நம்பவே மறுக்கும் இன்னொரு விஷயம் உண்டு. அந்தக் கணிப்புகளில் போரை அதிகம் ஆதரித்தவர்கள் முப்பது வயதுக்கு உட்பட்டவர்கள். பெரியவர்கள்தான் அதிகம் எதிர்த்தார்கள். ஊர்வலப் படங்களை மட்டும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது தலைகீழாகத் தெரியும். எனக்கு இதில் வியப்பில்லை. பிள்ளையைப் பெற்றவர்கள் அவர்கள்.

எங்கள் கல்லூரி வேலூர்ப் பக்கம். பட்டாளத்துக்காரர் வீட்டுப் பிள்ளைகள் ஒவ்வொரு வகுப்பிலும் இருப்பார்கள். அப்படி ஒரு மாணவி ஒருமுறை கேட்டாள்: "சார், இறந்துட்டாங்கன்னு அவங்க வீட்டுக்கு யாரு வந்து சொன்னாங்க?"

நல்ல கேள்வி. 1965 நவம்பரில் வியட்நாமின் இயா டிராங் பள்ளத்தாக்கில் நடந்த சண்டையில் அமெரிக்கர்கள் பெருமளவில் செத்தார்கள். பலருடைய குடும்பங்கள் ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரில், ஃபோர்ட் பென்னிங் முகாமை ஒட்டி இருந்தன. இவ்வளவு சாவை ராணுவம் எதிர்பார்க்கவில்லை. தந்திகளை டாக்ஸி டிரைவர்களிடம் கொடுத்து அனுப்பியது. வாசலில் மஞ்சள் டாக்ஸி நின்றாலே பெண்கள் நடுங்கினார்கள். களத்தில் இருந்த தளபதி ஹால் மூரின் மனைவி ஜூலியா மூர், சாவுச் செய்தி போன வீடுகளுக்குத் தானே போய் ஆறுதல் சொன்னார், அடக்கங்களுக்கும் போனார். அவர் போராடிய பிறகுதான் ஓர் அதிகாரியும் பாதிரியாரும் நேரில் போய்ச் சொல்லும் முறை வந்தது. ஜூலியா போருக்கு எதிராகக் கொடி பிடித்தவர் அல்ல. ஆனால் போர் வீட்டு வாசலுக்கு வருவது எப்படி என்று அந்தத் தெருக்கள் அன்று பார்த்துவிட்டன.

யார் வீட்டு வாசலுக்கு என்பதும் முக்கியம். கல்லூரியில் படிக்கும் பையனுக்குக் கட்டாயப் படைச் சேர்ப்பிலிருந்து தள்ளிவைப்பு கிடைத்தது. கூலிக்காரர் மகனுக்கு அந்த வழி இல்லை. 1969 டிசம்பர் 1-ல் குலுக்கல் முறை வந்தது. கண்ணாடிப் பாத்திரத்தில் 366 நீல நிறக் குப்பிகள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிறந்த நாள். எடுக்கும் வரிசைப்படி அந்தந்த நாளில் பிறந்தவர்களுக்குப் படை அழைப்பு. முதலில் வந்தது செப்டம்பர் 14. வகுப்பில் அந்தப் பட்டியலை வாசிக்கும்போது ஒவ்வொருவரும் தன் தேதிக்காகக் காத்திருப்பார்கள். விளக்கவுரையே தேவைப்படாது.

சாவு மட்டும் காரணமா என்றால், இல்லை. அரசு சொன்ன கணக்கும் பொய்த்தது. 1967 நவம்பரில், வியட்நாமில் அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய தளபதி வெஸ்ட்மோர்லேண்ட் வாஷிங்டனுக்கு வந்து முடிவு கண்ணுக்குத் தெரிகிறது என்றார். அடுத்த ஜனவரி கடைசியில், டெட் என்ற வியட்நாமியப் புத்தாண்டு சமயத்தில், கம்யூனிஸ்ட் படைகள் நடத்திய டெட் தாக்குதல்; தென் வியட்நாமின் தலைநகர் சைகோனில் அமெரிக்கத் தூதரக வளாகத்துக்குள்ளேயே எதிரி நுழைந்தான். மகனைக் கொடுத்தவரிடம் பொய் சொன்னால் அவர் அதை மன்னிப்பதில்லை.

ஆனாலும் போரை வெறுத்தவர்கள் போராட்டக்காரர்களை நேசித்தார்கள் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 1970 மே 4-ல் அமெரிக்காவின் கென்ட் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், போர் எதிர்ப்புப் போராட்டத்தின்போது, தேசியக் காவல் படையினரால் நான்கு மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிறகு எடுத்த கணிப்பில் 58 சதவீதம் பேர் மாணவர்கள் மேல்தான் பழி போட்டார்கள். இதைச் சொல்லும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் வலிக்கும்.

1971-ல் சாவுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன, படையும் திரும்பிக்கொண்டிருந்தது. ஆனால் எதிர்ப்பு இறங்கவில்லை, 61-க்கு ஏறியது. போன உயிர்களின் கணக்கை யாரும் அழிக்கவில்லை. அந்த ஏப்ரலில், போரிலிருந்து திரும்பிய 27 வயது ஜான் கெர்ரி செனட் வெளியுறவுக் குழுவின் முன் உட்கார்ந்து, ஒரு தவறுக்காகச் சாகும் கடைசி மனிதனாக இரு என்று ஒருவனிடம் எப்படிக் கேட்பீர்கள் என்றார். பருவத் தேர்வுக்குப் பத்து மதிப்பெண் கேள்வியை நான் இந்தப் பேச்சிலிருந்துதான் எடுக்கிறேன்.