‘ஆல்ப்ஸ்’ படத்த ஒரு வழியா பாத்து முடிச்சேன்

டைரக்டர் யோர்கோஸ் லாந்திமோஸோட ‘ஆல்ப்ஸ்’ 2011ல வந்த கிரேக்கப் படம், 93 நிமிஷம்தான், ஆனா பாத்து முடிக்கறதுக்குள்ள தாவு தீந்துடுச்சு. ஆரம்பத்துல பாதியிலயே மூடி வச்சிட்டேன், யாரு நிஜ சொந்தம் யாரு காசுக்கு வந்தவங்கன்னே பிடிபடல.

விஷயம் இதான், ஒரு நர்ஸ், ஒரு ஆம்புலன்ஸ்காரரு, ஜிம்னாஸ்டிக்ஸ் பண்ற பொண்ணு, அவளோட கோச், இந்த நாலு பேரும் காசு வாங்கிட்டு செத்துப்போனவங்களா நடிச்சுக் குடுக்கறாங்க. எழவு வீட்ல "இனிமே என்னைய உங்கம்மாவா நினைச்சுக்கோ"ன்னு ஆறுதலுக்கு சொல்லுவோமே, அத இவங்க ரேட் பேசி பண்றாங்க, அவ்ளோதான். குழுவுக்கு ஏன் ஆல்ப்ஸ்னு பேருன்னா, அந்த மலை எந்த மலைக்கும் பதிலா நிக்குமாம், அதுக்கு பதிலா எதுவும் நிக்காதாம். தலைவரு தனக்கு மான்ட் பிளாங்க்னு பேரு வச்சுக்கறாரு, ஆல்ப்ஸ்ல இருக்கறதுலயே உசரமான சிகரத்த பாத்து எடுத்துக்கிட்டாரு பாருங்க!

மறுபடி உக்காந்தப்ப செல்ஃபோன அடுத்த ரூம்ல போட்டுட்டு, யாரு என்னன்னு துப்பறியறத விட்டுட்டு நர்ஸா வர்ற ஆங்கெலிகி பாபூலியா பின்னாடி மட்டும் போனேன், அப்பதான் படம் வழிக்கு வந்துச்சு. எல்லாரும் பாடம் ஒப்பிக்கற மாதிரி பேசறாங்க, கடுப்பாதான் இருக்கும், ஆனா வேணும்னே பண்ணதுதான். ஃபோகஸும் ஒருத்தர் மேலதான், மத்தவங்க மங்கலா பின்னாடி கெடப்பாங்க.

கார் ஆக்சிடென்ட்ல ஒரு டென்னிஸ் பொண்ணு செத்துடுது. குழுவுக்குத் தெரியாம இந்த நர்ஸ் அவளா வேஷம் கட்டிட்டு அந்த வீட்டுக்குப் போறா, பொண்ணவிட வயசு எவ்ளோ ஜாஸ்தி, மூஞ்சியும் ஒத்துப்போகல, இருந்தாலும் பெத்தவங்க ஒக்கார வச்சு பேசறாங்க. அத பாக்கறப்ப சிரிப்பும் வருது, வயித்தக் கலக்கவும் செய்யுது. போகப் போக அவளுக்கு அந்த வேஷத்தக் கழட்ட மனசில்ல, குழுவே தொரத்தி விட்டப்புறமும் அந்த வீட்டுக்குள்ள புகுந்துடறா. எனக்கு அவ காசுக்கு வந்தவளா தெரியவே இல்ல, அந்த வீட்லயே ஜாஸ்தி துக்கத்துல இருந்தது அவதான்னு தோணுச்சு.

வெனிஸ் திரைப்பட விழாவுல திரைக்கதைக்கு விருது வாங்கின படம். லாந்திமோஸோட ‘டாக்டூத்’ (2009) படத்த முன்னாடியே பாத்திருந்தா இது கொஞ்சம் ஈஸியா இருக்கும். வீட்ல சமீபத்துல யாரையாவது பறிகுடுத்திருந்தீங்கன்னா மட்டும் இப்போதைக்கு வேணாம், தள்ளிப் போடுங்க.