வெறும் வயிற்றில் நான்கு காப்ஸ்யூல்

இரத்தம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்த என்னைப் பரிசோதனைக்கூட ஊழியர் திரும்பக் கூப்பிட்டார். "நிஜமாகவே பன்னிரண்டு மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லையா?" என்றார். நான் சத்தியம் செய்யாத குறைதான். சுழற்றிப் பிரித்த குழாயைக் காட்டினார். அடியில் சிவப்பணுக்கள், மேலே தெளிந்த மஞ்சளாக நிற்க வேண்டிய நீர், தண்ணீர் விட்ட பாலைப்போல வெளுத்திருந்தது. ட்ரைகிளிசரைடு என்ற இரத்தக் கொழுப்பு 612. அது 150-க்குள் இருக்க வேண்டும்.

இன்னும் ஏறினால் கணைய அழற்சியில் கொண்டுபோய் விடும் என்று எச்சரித்த மருத்துவர், ஒமேகா-3 எத்தில் எஸ்டர் காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்தார். ஒவ்வொன்றும் ஒரு கிராம், நாளுக்கு நான்கு. நான் விடிந்ததும் பல் துலக்கிய கையோடு நான்கையும் தண்ணீரில் விழுங்கிவிடுவேன். வெறும் வயிற்றில்தான் மருந்து நன்றாகப் பிடிக்கும் என்பது என் சொந்தச் சித்தாந்தம். பிடித்ததென்னவோ மீன் வாடை ஏப்பம்தான். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால் 574. இதற்கா இத்தனை ஏப்பம்?

அக்கா மகள் மருந்தியல் படிக்கிறாள். "எப்போது விழுங்குகிறீர்கள், மாமா?" என்று கேட்டாள். சொன்னேன். பதில் பேசாமல் ஒரு காப்ஸ்யூலை ஊசியால் குத்தி, கண்ணாடித் தம்ளரில் இருந்த தண்ணீரில் பிழிந்தாள். எண்ணெய் மஞ்சள் வட்டமாக மிதந்தது. கரண்டியால் கலக்கினால் சிதறியது, நிறுத்தியதும் ஒன்றுகூடிக்கொண்டது. அடுத்து, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கலக்கினாள். தம்ளர் முழுக்க வெண்மூட்டம். கரண்டியை எடுத்த பிறகும் கலையவில்லை.

"உங்கள் வயிற்றில் இந்தச் சொட்டு இல்லை, மாமா" என்றாள்.

அந்தச் சொட்டு பித்தநீர். கல்லீரல் சுரப்பதைப் பித்தப்பை சேர்த்து வைத்திருக்கிறது. உணவிலுள்ள கொழுப்பு சிறுகுடலின் தலைவாசலுக்கு வந்த பிறகுதான் அது நன்றாகச் சுருங்கிப் பித்தநீரை இறக்குகிறது. கணையமும் அப்போதுதான் கொழுப்பை வெட்டும் லைபேஸ் நொதியைத் தாராளமாக அனுப்புகிறது. என் மருந்துக்கு இந்த இரண்டும் கூடுதலாகவே தேவை. மீன் எண்ணெயைச் செறிவூட்டுவதற்காக, கொழுப்பு அமிலங்களை, இயற்கைக் கொழுப்பில் அவற்றைக் கோத்து வைத்திருக்கும் கிளிசராலிலிருந்து கழற்றி எத்தனாலோடு இணைத்துவிடுகிறார்கள். இயற்கைக் கொழுப்பை வெட்டும் வேகத்தில் இந்தப் பிணைப்பைக் கணைய நொதிகளால் வெட்ட முடியாது. நானோ நொதியும் பித்தநீரும் அரைத் தூக்கத்தில் இருக்கும் வேளையாகப் பார்த்து நான்கையும் உள்ளே தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். 'உணவுடன் உட்கொள்ளவும்' என்று மருந்தோடு வந்த தாளிலேயே அச்சிட்டிருந்தது. அந்தத் தாளை யார் பிரித்துப் படிக்கிறார்கள்?

அதன் பிறகு நடப்பதுதான் எனக்கு வேடிக்கையாகப் பட்டது. வாசலில் வெட்டி உள்ளே விட்ட கொழுப்பு அமிலங்களைக் குடல் செல்கள் மறுபடி ட்ரைகிளிசரைடாகக் கோத்துவிடுகின்றன. அதாவது, நான் எதைக் குறைக்க மருந்து சாப்பிடுகிறேனோ, அந்த வேஷத்தில்தான் மருந்தே உள்ளே வருகிறது. பிறகு அதைக் கொழுப்பும் புரதமும் கலந்த உறை போட்ட கைலோமைக்ரான் என்ற உருண்டைகளில் ஏற்றுகின்றன. நுண்ணிரத்தக் குழாயின் துளைக்குள் புக முடியாத பருமன். ஆகவே அவை நிணநீர்க் குழாயில் இறங்கி, மார்பு வழியாக ஏறி, இடது கழுத்தெலும்பின் அருகில் சிரையில் கலக்கின்றன. வாய்வழி மருந்துகளில் பெரும்பாலானவை நேரே கல்லீரலில்தான் போய் இறங்கும். இது சுற்றுவழியில் வந்து, உடம்பெல்லாம் சுற்றிய பிறகு, மிச்ச உருண்டைகளோடு கல்லீரலைச் சேர்கிறது. வந்த வேலை அங்கேதான்: கல்லீரல் ட்ரைகிளிசரைடை உருவாக்கி வெளியே அனுப்புவதைக் குறைப்பது.

வழியில், இரத்தக் குழாய்ச் சுவரிலுள்ள நொதி உருண்டையைப் பிரிக்கும்போது உதிரும் அமிலங்களை அல்புமின் என்ற புரதம் சுமக்கிறது. என் பழைய அறிக்கையில் 'அல்புமின் 4.2' என்று ஒரு வரி இருந்தது. அன்றுதான் அதைக் கவனித்தேன். இந்தச் சுமைதாங்கியை மருந்து செய்பவர்கள் கடன் வாங்கியும் பிழைக்கிறார்களாம். சர்க்கரை நோய்க்கு வாரம் ஒருமுறை போடும் செமாக்ளுடைடு ஊசியில் 18 கார்பன் கொண்ட கொழுப்பு அமிலத்தை ஒட்டியிருக்கிறார்கள். அது அல்புமினைப் பற்றிக்கொள்வதால், அந்த மருந்து பாவனை செய்யும் உடம்பின் சொந்த ஹார்மோன் சில நிமிடங்களில் மறைந்துவிடும் இடத்தில், மருந்தின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகும் காலம், ஏறக்குறைய ஒரு வாரம். "மருந்துக்கு வால் வைத்த மாதிரி" என்று நான் சொன்னதை அவள் ரசிக்கவில்லை.

மருத்துவரிடம் உண்மையை ஒப்புக்கொண்டேன். திட்டவில்லை, காலை உணவோடு இரண்டு, இரவு உணவோடு இரண்டு என்று மாற்றினார். ஏப்பம் பெரும்பாலும் நின்றுபோனது. அடுத்த மூன்று மாதத்தில் 371. இடையில் சர்க்கரையையும் வெகுவாகக் குறைத்திருந்ததால், முழுப் பெருமையையும் காப்ஸ்யூலுக்குத் தர வேண்டாம் என்றார்.

இந்த முறை குழாயை நானே கேட்டு வாங்கிப் பார்த்தேன். மேலே நின்ற நீர் லேசாக மங்கியிருந்தாலும் மஞ்சளாகத்தான் இருந்தது. "எதற்குக் கேட்கிறீர்கள்?" என்றார் ஊழியர். பன்னிரண்டு மணி நேரப் பட்டினி. விளக்கம் சொல்லத் தெம்பில்லை.