கையில் இருந்த எட்டு

எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து சேப்பாக்கம் மைதானம் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும். திருவல்லிக்கேணியில் பாதி வீடுகள் அப்படித்தான். பாட்டி தன் வாழ்நாளில் ஒரு பந்துகூடப் பார்த்தவள் இல்லை, ஆனால் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள். மெல்லக் கிளம்பி, ஏறி, கைதட்டலாகக் கரைந்தால் ஃபோர். பட்டென்று வெடித்தால் விக்கெட். 'ஹோ'வென்று எழும்பிப் பாதியில் 'ச்ச' என்று இறங்கினால், எவனோ கேட்சைக் கோட்டைவிட்டான். இப்போதும் ஐபிஎல் நாட்களில் டிவியில் பவுலர் ஓடி வந்துகொண்டிருக்கும்போதே எங்கள் ஜன்னல் வழியாக முடிவு வந்துவிடுகிறது. டிவி சில நொடி பின்தங்கித்தானே வருகிறது? என் பையன் கடுப்பாகி ஜன்னலைச் சாத்துவான்.

அந்த மைதானத்துக்குள் நான் முதன்முதலில் போனது டிக்கெட் வாங்கிக்கொண்டு இல்லை. கையில் டிபன் கேரியர். 1987-88 ரஞ்சி இறுதிப் போட்டி, தமிழ்நாடும் ரயில்வேஸும். சித்தப்பா ஸ்கோர்போர்டில் ஆள். அவருக்கு வேலை வேறு இடத்தில், மேட்ச் நாட்களில் மட்டும் லீவு போட்டுவிட்டு இங்கே வந்துவிடுவார். காசுக்காக இல்லை என்று சித்தி சலித்துக்கொள்வாள். அது உண்மைதான், அதில் கிடைத்த காசு டீக்குக்கூடக் காணாது.

ஸ்கோர்போர்டை முன்னால் இருந்து பார்த்தவர்களுக்கு அது ஒரு கறுப்புப் பலகை. பின்னால் போனால் மரப்பலகை பாவிய மச்சு மாதிரி ஓர் இடம், ஏற ஓர் ஏணி. உள்ளே அடுப்பங்கரைச் சூடு. சுவர் முழுக்க ஆணிகள். ஒவ்வோர் ஆணியிலும் தகரத் தட்டுகள், கறுப்பில் வெள்ளை எண், பூஜ்யத்திலிருந்து ஒன்பது வரை. பூஜ்யமும் ஒன்றும்தான் நிறைய. பெயின்ட் உதிர்ந்துபோன ஒரு மூன்றை எட்டாக ஒட்டு போட்டிருந்தார்கள், கிட்டே போனால் பழைய மூன்று உள்ளே தெரியும். நான் தொடப் போனேன். "தொடாதம்மா, கையக் கிழிச்சிடும்" என்றார் சித்தப்பா. அவர் உள்ளங்கை முழுக்க அந்தக் கோடுகள்தான்.

ஆட்டம் பார்க்க ஒரு கையகலத் துவாரம். அதன் வழியாக பேட்ஸ்மேன் தெரிந்தால் பவுலர் தெரிய மாட்டார். மைதானத்திலேயே மிக மோசமான இடம் அதுதான். சித்தப்பா அதை யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

சாப்பிட்டுக்கொண்டே அவர் சொன்ன கதைகளில் ஒன்று, புச்சி பாபு நாயுடுவின் கதை. சேப்பாக்கம் அப்போது வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் மைதானம். 1846இல் தொடங்கிய கிளப், 1860களில் இங்கே வந்து பெவிலியன் கட்டிக்கொண்டது. ஐரோப்பியர்கள் பெவிலியனுக்குள் உட்கார்ந்து சாப்பிட, ஆட வந்த நம் ஆட்கள் மரத்தடியில் சாப்பிடுவார்கள். இதைப் பார்த்துப் பொறுக்காமல்தான் புச்சி பாபு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை ஆரம்பித்தார். பிற்பாடு ஐரோப்பியர்களும் இந்தியர்களும் மோதிய பிரசிடென்சி மேட்ச் பொங்கலையொட்டி நடந்தது. 'பொங்கல் டெஸ்ட்' என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் பழக்கத்தின் வேர் அங்கே இருக்கிறது. புச்சி பாபு ஆசைப்பட்ட அந்த ஆட்டம் நடந்ததைப் பார்க்க அவர் இருக்கவில்லை, 1908லேயே காலமாகிவிட்டார். அந்த மரம் எது என்று சித்தப்பாவைக் கேட்டேன். அரங்கம் கட்டும்போது மரத்தையெல்லாம் யார் விட்டுவைத்தார்கள் என்றார். பெவிலியன் ரொம்ப காலம் நின்றது. இப்போது அதுவும் இல்லை.

இந்தியா டெஸ்டில் முதன்முதலாக ஜெயித்ததும் இங்கேதான், 1952 பிப்ரவரியில், இங்கிலாந்துக்கு எதிராக. ஆட்டம் தொடங்கிய அன்றே ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்துபோக, மறுநாள் ஆட்டம் இல்லை. வினு மன்கட் 12 விக்கெட். ஓர் இன்னிங்ஸும் 8 ரன்களும் வித்தியாசம். இந்த எட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சித்தப்பாவுக்கு இது முக்கியம்.

அரங்கத்தின் பழைய தூண்கள் பற்றியும் சொல்லியாக வேண்டும். பந்தலுக்கு முட்டுக் கொடுத்தது மாதிரி கான்கிரீட் தூண்கள். சீட்டு எண் பார்க்காமல் டிக்கெட் வாங்கினால் ஐந்து நாளும் தூணோடு குடித்தனம். 1999 ஜனவரியில், பாகிஸ்தான் டெஸ்டின் கடைசி நாளில், அப்பாவுக்கும் எனக்கும் அப்படித்தான் வாய்த்தது. சச்சின் 136இல் தூக்கி அடித்த பந்து எங்கள் தூணுக்குப் பின்னால் மேலே போனது. கேட்ச் பிடிபட்டதைப் பாட்டி மாதிரி நானும் சத்தத்தில்தான் தெரிந்துகொண்டேன். இல்லை, சத்தம் நின்றுபோனதில். அடுத்த மூன்று விக்கெட்டும் 4 ரன்னுக்குள் போய் 12 ரன்னில் தோற்றோம். பாகிஸ்தான் ஆட்டக்காரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். எழுதாதது ஒன்று: அப்பா கைதட்டிக்கொண்டே அழுதுகொண்டிருந்தார், தூணைப் பார்த்தபடி.

2011 உலகக் கோப்பைக்காகத் தூண்களை எடுத்துவிட்டு, கம்பிவடத்தில் தொங்கும் வெள்ளைக் கூம்புக் கூரைகள் போட்டார்கள். வடிவமைத்தது லண்டன் லார்ட்ஸின் மவுண்ட் ஸ்டாண்டைக் கட்டிய அதே ஹாப்கின்ஸ் நிறுவனம். கடல்காற்று உள்ளே வர வழி விட்டிருக்கிறார்கள், அதற்கு ஒரு கும்பிடு. ஆனால் அப்போது கட்டியதில் ஐ, ஜே, கே என்ற மூன்று ஸ்டாண்டுகளுக்குப் பூட்டு விழுந்தது. விதிப்படி விட வேண்டிய இடைவெளி இல்லை, ஒட்டினாற்போல் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் ஜிம் கட்டடம். ஏறக்குறைய 12,000 இருக்கைகள் வருஷக்கணக்கில் சும்மா கிடந்தன. மஞ்சள் கடலுக்கு நடுவே அந்த வெற்றிடத்தை டிவியில் பார்த்திருப்பீர்கள். 2019 ஐபிஎல் இறுதிப் போட்டி ஐதராபாத்துக்குப் போனதே இதனால்தான். எங்கள் தெருப் பையன்களிடம் கேட்டால் வேறு கதை வரும். ஜே ஸ்டாண்டில் பாம்பு இருக்கிறது. பாம்பு இல்லை, அம்பது பூனை. ராத்திரியில் யாரோ கைதட்டுகிறார்கள். பூட்டு திறந்த பிறகு நான் அங்கே உட்கார்ந்து ஒரு மேட்ச் பார்த்தேன். பாம்பும் இல்லை, பூனையும் இல்லை. பக்கத்து சீட்டில் ஒருவர் இரண்டு மணி நேரம் விசில் ஊதினார்.

இனி எட்டு.

1986 செப்டம்பர், ஆஸ்திரேலியா. வெயிலோடு பின்னாலிருந்து பக்கிங்காம் கால்வாய் வாடையும் சேர்ந்து கொன்றது. டீன் ஜோன்ஸ் மைதானத்திலேயே வாந்தி எடுத்து, 210 அடித்து, ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டார். "அவரு மட்டுமா வாந்தி எடுத்தாரு? மேல ஏறி வந்து பாத்திருந்தா தெரியும்" என்பார் சித்தப்பா. கடைசி நாள், 22ஆம் தேதி, இந்தியாவுக்கு இலக்கு 348. கடைசி ஓவர், கடைசி விக்கெட், நாலு ரன் வேண்டும். ரவி சாஸ்திரி ஒரு இரண்டு, ஒரு ஒன்று எடுத்து 347க்குக் கொண்டுவந்துவிட்டார். மூன்று பந்து மிச்சம், எதிர்கொள்வது மணீந்தர் சிங்.

சித்தப்பா ஆணியிலிருந்து எட்டை எடுத்துவிட்டார். ஒட்டு போட்ட அந்த எட்டு. ஏழைக் கழற்றி எட்டை மாட்ட இரண்டு நொடி போதும், ஆனால் கூட்டம் மைதானத்துக்குள் இறங்குவதற்குள் மாட்டிவிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வெறி. ஒரு பந்து தடுப்பு. அடுத்த பந்து கிரெக் மேத்யூஸ் வீசியது மணீந்தரின் காலில் பட, அம்பயர் விக்ரம்ராஜுவின் விரல் உயர்ந்தது. டை. இரண்டு பக்கமும் சம ரன், டெஸ்ட் வரலாற்றில் இரண்டாவது முறை. கீழே ஆட்டக்காரர்கள் சிலருக்கே ஜெயித்தோமா தோற்றோமா என்று புரியாமல் பலகையை அண்ணாந்து பார்த்தார்களாம். "சரியாத்தான் போட்டிருக்கியா?" என்று ஏணிக்குக் கீழே இருந்து ஒருத்தர் கத்தினாராம்.

1952இல் கொடுத்த எட்டை மைதானம் திருப்பி வாங்கிக்கொண்டது என்பது சித்தப்பாவின் சித்தாந்தம். சித்தி தலையில் அடித்துக்கொள்வாள்.

மணீந்தர் இன்றுவரை பந்து பேட்டில் பட்டது என்றுதான் சொல்கிறார், காலில் படுவதற்கு முன் பேட்டில் பட்டிருந்தால் அவுட் இல்லை. எங்கள் வீட்டில் கல்யாணம், காதுகுத்து, எது நடந்தாலும் பந்தி முடிந்ததும் யாராவது ஒரு மாமா சித்தப்பாவைப் பிடித்துக்கொள்வார். "நீங்க நேர்ல இருந்தீங்களே, பேட்ல பட்டுச்சா இல்லையா?"

சித்தப்பா வெற்றிலையை மடித்துக்கொண்டே சொல்வார்: "எனக்கு என்ன மாப்ள தெரியும்? நான் எட்டப் பாத்துக்கிட்டு இருந்தேன்."