கருவாட்டுக் கடைக் கணக்கை வைத்து வாடிக்கையாளர் பகுப்பாய்வு கற்ற அனுபவம்

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் என் தந்தை நடத்தும் கருவாட்டுக் கடையில் ஆறு ஆண்டுகளுக்கான பில் நோட்டுகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. கடையின் பார்சல் ஆர்டர்களை நான் கவனிக்கத் தொடங்கிய பிறகு, பழைய வாடிக்கையாளர்களில் யார் இன்னும் நம்மிடம் வாங்குகிறார்கள், யார் நின்றுவிட்டார்கள் என்று தந்தையிடம் கேட்கும்போதெல்லாம் அவர் நினைவிலிருந்தே பதில் சொல்வார். அந்தப் பதில் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். ஆனால் அது அவருடைய நினைவில் மட்டுமே இருந்தது என்பதுதான் என்னை உறுத்தியது. அந்தக் கவலையோடுதான் கோர்செரா என்ற இணையவழிப் படிப்புத் தளத்தில், அமெரிக்காவின் வார்ட்டன் வணிகக் கல்லூரிப் பேராசிரியர்கள் நடத்தும் 'கஸ்டமர் அனலிட்டிக்ஸ்' என்ற தொடக்க நிலைப் படிப்பில் சேர்ந்தேன். அந்தப் படிப்பு எனக்கு என்ன செய்தது என்பதை, எங்களைப் போன்ற சிறு கடைக்காரர்களுக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் விரிவாகவே எழுதுகிறேன்.

முழுக் கட்டணம் கட்ட முடியாத நிலையில் நிதியுதவிக்கு விண்ணப்பித்தேன். ஏன் படிக்க விரும்புகிறோம், படித்து என்ன செய்யப் போகிறோம் என்பதைச் சில பத்திகளில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குப் பிறகு அனுமதி வந்தது. ஐந்து வாரத்தில் முடிக்கக்கூடிய பாடத்தை நான் பதினொரு வாரத்தில் முடித்தேன். விரிவுரைகள் ஆங்கிலத்தில் இருப்பதால், வேகத்தைக் குறைத்து வைத்து, கீழே ஓடும் எழுத்தை வாசித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் நம் பேச்சில் என்ன சொல்வோம் என்று பக்கத்தில் எழுதிக்கொண்டே போனேன். அப்படி எழுதியது வீண்வேலை இல்லை என்று இப்போதும் நினைக்கிறேன், ஏனென்றால் தமிழில் ஒரு வரியாகச் சொல்ல முடியாத எதையும் நான் உண்மையில் புரிந்துகொண்டிருக்கவில்லை.

பாடம் மூன்று நிலைகளாகப் போகிறது: நடந்ததை விவரிப்பது, இனி நடக்கக்கூடியதைக் கணிப்பது, அதன் அடிப்படையில் என்ன செய்யலாம் என்று முடிவெடுப்பது. முதல் நிலையில், 2003இல் ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்ற மேலாண்மை ஆலோசகர் அறிமுகப்படுத்திய ஒற்றைக் கேள்வி அளவீடு வருகிறது. 'எங்கள் கடையை உங்களுக்குத் தெரிந்தவர்களிடம் பரிந்துரைப்பீர்களா?' என்று கேட்டு, 0 முதல் 10 வரை மதிப்பெண் வாங்க வேண்டும். 9, 10 கொடுத்தவர்களின் விழுக்காட்டிலிருந்து 0 முதல் 6 வரை கொடுத்தவர்களின் விழுக்காட்டைக் கழிக்க வேண்டும். நான் வாட்ஸ்அப்பில் கேட்டதில் 43 பேர் பதில் சொன்னார்கள். 31 பேர் 9 அல்லது 10, 9 பேர் 7 அல்லது 8, 3 பேர் அதற்கும் கீழே. கணக்குப்படி 65 வந்தது, மனம் குளிர்ந்தது. ஆனால் 9, 10 போட்டவர்களைப் பில் நோட்டோடு ஒப்பிட்டபோது, அந்த 31 பேரில் 12 பேர் கடந்த ஓராண்டில் எங்களிடம் ஒரு பொட்டலம்கூட வாங்கியிருக்கவில்லை. நம் பக்கத்தில் தெரிந்தவரிடம் முகத்துக்கு நேராக ஐந்து மதிப்பெண் போடுகிற வழக்கம் இல்லை. மரியாதைக்காகப் போட்ட பத்தை விசுவாசம் என்று நான் எடுத்துக்கொண்டேன். மக்கள் சொல்வதையும் மக்கள் செய்வதையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும் என்று பேராசிரியர் எரிக் பிராட்லோ விளக்கியபோது பொதுவான அறிவுரையாகத் தெரிந்தது, என் கையில் அந்தப் பன்னிரண்டு பெயர்கள் வந்த பிறகுதான் உறைத்தது.

பில் நோட்டுகளைக் கணினியில் ஏற்றுவதற்கு ஆன நேரம் பாடம் படித்த நேரத்தைவிட அதிகம். உப்புக் காற்றில் நமுத்துப்போன தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. கத்தி முனையால் மெதுவாகப் பிரித்தபோது சில பக்கங்களில் மை அடுத்த பக்கத்துக்கு இறங்கி, எழுத்து இடவலமாக மாறி நின்றது. தந்தை பெயர் எழுதுகிறவர் இல்லை. 'பரமக்குடி டீச்சர்' என்று ஒரு பக்கம், 'டீச்சரம்மா (ரயில்வே கேட்)' என்று இன்னொரு பக்கம், வெறும் போன் நம்பர் வேறொரு பக்கம். மூன்றும் ஒருவரே. முதலில் 790 வாடிக்கையாளர்கள் என்று வந்த பட்டியல், தந்தையை அருகில் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சேர்த்த பிறகு 538 வீடுகளாகச் சுருங்கியது. இந்த வேலையைச் செய்யாமல் அடுத்த நிலைக்குப் போயிருந்தால், மூன்று பெயரில் இருந்த ஒரு நல்ல வாடிக்கையாளரை எப்போதாவது வந்துபோகும் மூன்று பேராகக் கணக்கிட்டிருப்பேன்.

என் மனத்தில் அதிகம் தங்கியது பேராசிரியர் பீட்டர் ஃபேடர் நடத்திய கணிப்புப் பாடம். கேபிள் டிவி இணைப்பு வைத்திருப்பவர் விலகினால், இணைப்பைத் துண்டித்த தேதி கணக்கில் இருக்கும். கருவாடு வாங்குகிறவர் 'இனி உங்களிடம் வாங்கமாட்டேன்' என்று சொல்லிவிட்டுப் போவதில்லை. வராமல் இருப்பார், அவ்வளவுதான். அவர் போய்விட்டாரா, அல்லது இரண்டு வாங்கலுக்கு இடைப்பட்ட காலத்தில் இருக்கிறாரா என்பதை வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது, ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகத்துக்கு வேண்டியவை, ஒருவர் முதல்முறை வாங்கியதிலிருந்து எவ்வளவு காலம் ஆயிற்று, அதன் பிறகு எத்தனை முறை வாங்கினார், கடைசியாக எப்போது வாங்கினார் என்ற மூன்று எண்கள் மட்டுமே.

இதில் எனக்கு முதலில் தலைகீழாகத் தோன்றிய ஒன்று உண்டு. மாதம் தவறாமல் வாங்கிய ஒருவர் ஆகஸ்டோடு நின்றுவிட்டார். ஆண்டுக்கு மூன்று முறை வாங்கும் இன்னொருவரும் கடைசியாக ஆகஸ்டில்தான் வாங்கினார். டிசம்பரில் கணக்குப் பார்த்தால் யார் போய்விட்டிருக்க வாய்ப்பு அதிகம்? அடிக்கடி வாங்கியவர் நமக்கு நெருக்கமானவர், திரும்பி வருவார் என்றே நான் நினைத்தேன். ஆனால் நான்கு மாத மௌனம் ஆண்டுக்கு மூன்று முறை வாங்குகிறவருக்கு இயல்பான இடைவெளி, மாதந்தோறும் வாங்கியவருக்கோ அது பெரிய பள்ளம். ஆகவே முன்பு அதிகம் வாங்கியவரைப் பற்றித்தான் அதிகம் கவலைப்பட வேண்டும். இந்த ஒரு கருத்துக்காகவே இந்தப் படிப்பை நான் யாருக்கும் சொல்வேன்.

ஷ்மிட்லைன், மாரிசன், கொலம்போ ஆகிய ஆய்வாளர்கள் மூவர் 1987இல் வெளியிட்ட கணித மாதிரியிலிருந்து (மாடல்) வளர்ந்தது இந்த முறை. அதையே எளிதாக்கி, 2005இல் ஃபேடரும் புரூஸ் ஹார்டியும் கா லோக் லீயும் பி.ஜி./என்.பி.டி. என்ற மாதிரியை வெளியிட்டார்கள். அதை எக்செல்லிலேயே போட்டுப் பார்க்கும் வழியையும் அந்த மூவரே எழுதியிருக்கிறார்கள். பழைய லேப்டாப்பில், பொருத்தமான எண்களைத் தானே தேடித் தரும் எக்செல்லின் சால்வர் வசதியை வைத்து, அந்த மாதிரிக்கு வேண்டிய நான்கு எண்களைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று இரவுகள் பிடித்தன. ஒன்றுக்கு மேற்பட்ட முறை வாங்கிய 311 வீடுகளில், இன்னும் நம்மிடம் இருப்பதற்கான வாய்ப்பு 30 விழுக்காட்டுக்கும் கீழே என்று டிசம்பர் இறுதிக் கணக்கில் வந்தவை 86.

அந்தப் பட்டியலை அச்செடுத்துத் தந்தையிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார்.

"இவுக எங்கயும் போகல தாயி. புரட்டாசி விரதம் முடிஞ்சு, கார்த்திகையில வீட்டுக்காரரு மாலை போட்டிருக்காக. தை பொறந்தா வருவாக."

அப்படி 14 வீடுகள். அதைவிட முக்கியமானது அடுத்து வந்தது. 23 வீடுகளைத் தொட்டு, "இவுக தடைக்காலத்து ஆளுக" என்றார். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. நாட்டுப்படகு மீன் மட்டும் வரும், விலை ஏறிவிடும். மற்ற நாளெல்லாம் பச்சை மீன் வாங்கிச் சமைக்கும் இந்த வீடுகள் அந்த இரண்டு மாதத்தில் மட்டும் எங்களிடம் நெத்திலியும் காரலும் வாளையும் வாங்குகின்றன. தடைக்காலத்துக்குள் மூன்று நான்கு முறை வாங்கியதைக் கணித மாதிரி 'அடிக்கடி வாங்குகிறவர்' என்று படித்துக்கொண்டது. ஜூனுக்குப் பிறகு ஆறு மாதம் மௌனம் என்பதால் 'போய்விட்டார்' என்று முடிவு கட்டியது. தவறு மாதிரியுடையது அன்று. ஒருவர் நம்மிடம் இருக்கும்வரை ஆண்டு முழுவதும் ஒரே சீராக வாங்குவார் என்ற அனுமானத்தின் மேல் அது நிற்கிறது. எங்கள் கடற்கரையின் ஆண்டு அப்படிச் சீரானது அன்று என்பதை நான்தான் யோசித்திருக்க வேண்டும்.

வழி அந்தப் பாடத்துக்குள்ளேயே இருந்தது. தொண்டு நிறுவனம் ஒன்றுக்கு நன்கொடை கொடுத்தவர்களை உதாரணமாக எடுத்துக்கொண்டு, கொடுத்த ஆண்டுக்கு 1, கொடுக்காத ஆண்டுக்கு 0 என்று வரிசையாக எழுதி, அந்த வரிசையிலிருந்தே வரும் ஆண்டுகளை ஃபேடர் கணிப்பார். நானும் தடைக்கால வீடுகளைத் தனித் தாளுக்கு மாற்றி, ஒரு தடைக்காலத்துக்கு ஒரு கட்டம் என்று ஆறு கட்டங்கள் போட்டேன். 1, 1, 0, 1, 1, 1 என்று இருக்கும் வீட்டை டிசம்பர் மௌனத்தை வைத்து எடைபோடக் கூடாது என்பது பார்த்தவுடன் தெரிந்தது. 1, 1, 1, 0, 0, 0 என்று இருந்த வீடுகளும் நான்கு இருந்தன. அவை வராமல் நின்றுவிட்டதைத் தந்தையும் மறந்திருந்தார்.

தந்தையின் நினைவு தவறிய இடமும் உண்டு. பரமக்குடி டீச்சர் இன்னும் நம்மிடம் இருப்பதற்குக் கணித மாதிரி கொடுத்த வாய்ப்பு மிகக் குறைவு. "டீச்சரம்மா நம்மள விட்டுப் போகமாட்டாக, மகளோட பேறுகாலத்துக்குப் போயிருப்பாக" என்று அவர் உறுதியாகச் சொன்னார். தை மாதத்தில் நான் போன் செய்தபோது, தமக்கு ரத்த அழுத்தம் கூடியிருப்பதாகவும், உப்பையும் கருவாட்டையும் அறவே நிறுத்தச் சொல்லி மருத்துவர் ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டதாகவும் அவர் கூறினார். கருவாட்டைப் பொறுத்தவரை அவர் போனது உண்மை. அவருக்கு இனி கருவாட்டு விலைப்பட்டியல் அனுப்பக் கூடாது என்று குறித்துக்கொண்டேன். உடம்புக்கு ஆகாத பொருளை வாங்கச் சொல்லி மாதாமாதம் நினைவூட்டுவதற்கு எந்தப் பகுப்பாய்வும் வேண்டியதில்லை.

பழைய எண்களின் போக்கை வைத்து அடுத்ததைக் கணிக்கும் ரிக்ரஷன் பாடத்தை நான் வேகமாகக் கடந்துவிட்டேன். அடுத்த மாதத்தைச் சொல்ல அது உதவும், அதற்கும் அப்பால் போனால் சிக்கல் என்ற அளவோடு சரி. விலை பற்றிய பாடத்தில் மட்டும் சற்று நிற்க வேண்டும். அரைக் கிலோ நெத்திலிக் கருவாடு 250 ரூபாய்க்கு விற்ற மாதத்தில் 40 பொட்டலம் போனது, 300 ரூபாய்க்கு விற்ற மாதத்தில் 34. இந்த இரண்டு புள்ளிகளை நேர்கோட்டில் இணைத்தால், வரவு அதிகமாகும் விலை ஏறக்குறைய 292 ரூபாய். பொட்டலத்துக்கு எங்கள் அடக்கம் 180 ரூபாய் என்பதைச் சேர்த்து லாபம் அதிகமாகும் விலையைப் பார்த்தால் 382 ரூபாய் வருகிறது. வரவும் லாபமும் ஒரே விலையில் உச்சத்தைத் தொடுவதில்லை என்பதை என் சொந்தச் சரக்கில் பார்த்தது பெரிய பாடம். ஆனாலும் 382 வைக்க எனக்குத் துணிவு வரவில்லை, வைக்கவும் கூடாது. 300க்கு மேல் நான் விற்றுப் பார்த்ததே இல்லை, கோடு அங்கும் நேராகத்தான் போகும் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. தவிர, 250க்கு விற்றது தை, 300க்கு விற்றது புரட்டாசி. ஆறு பொட்டலம் குறைந்ததற்கு விலை காரணமா விரதம் காரணமா என்று அந்தக் கணக்கால் பிரிக்க முடியாது.

காரணத்தைப் பிரிக்க வேண்டுமானால் ஒரே காலத்தில் பாதிப் பேருக்கு ஒரு விலையும் மீதிப் பேருக்கு இன்னொரு விலையும் சொல்லிப் பார்க்க வேண்டும். கீழக்கரையில் ஒரே தெருவில் எங்களுக்கு ஏழு வீடுகள் இருக்கின்றன. ஒரு வீட்டுக்கு 300, அடுத்த வீட்டுக்கு 320 என்று சொன்னால் அன்று மாலைக்குள் இரண்டு வீட்டுக்கும் தெரிந்துவிடும், அதன் பிறகு அந்தத் தெருவில் முகம் காட்ட முடியாது. ஆகவே எல்லோருக்கும் ஒரே விலை, ஆனால் வாரம் விட்டு வாரம் 300, 320 என்று மாசி, பங்குனி மாதங்களில் மாற்றிப் பார்த்தேன். 320 ரூபாய் வாரங்களில் விற்பனை குறிப்பிடும்படி குறையவில்லை. இப்போது 320 என்றே நிறுத்தியிருக்கிறேன்.

ஏப்ரல் 10ஆம் தேதி, தடைக்கால வீடுகளில் இன்னும் நம்மிடம் இருக்கக்கூடும் என்று கருதிய 19 வீடுகளுக்கு மட்டும், என்னென்ன சரக்கு இருக்கிறது என்று எழுதி அனுப்பினேன். முந்தைய ஆண்டுகளில் அவர்களாகக் கேட்கும்வரை நாங்கள் எதுவும் அனுப்பியதில்லை. முதல் வாரத்துக்குள் 11 வீடுகள் ஆர்டர் கொடுத்தன. மீதி எட்டுக்கு இன்னும் 0 போடவில்லை. ஜூன் 14 வரை அந்தக் கட்டம் காலியாகவே இருக்கும். தந்தை இப்போது பில் போடும்போது போன் நம்பரையும் சேர்த்தே எழுதுகிறார். மாலை போட்ட வீடுகளுக்குப் பக்கத்தில் அவரே 'தை' என்று எழுதி வைக்கிறார்.