ஸ்லீவ் சர்ஜரிக்கு அப்புறம் நானும் கலக்கியும்

போன வைகாசியில ஸ்லீவ் சர்ஜரி, அதான் வெயிட் குறைய இரைப்பையை வெட்டி சின்னதாக்குற ஆபரேஷன், பண்ணேன், இப்ப எட்டு மாசம் ஆச்சு, 118 கிலோ இருந்தவ 86ல நிக்கிறேன். பாக்குறவங்க எல்லாம் கேக்குறது எத்தனை கிலோ குறைஞ்சுச்சு, வலிச்சுச்சா, எவ்வளவு செலவாச்சு, இவ்வளவுதான். என்ன சாப்பிடுறேன்னு யாரும் கேக்குறதில்ல. எனக்கு அதுதான் பெரும்பாடா இருந்துச்சு, அதுலயும் முட்டை.

இரைப்பையில முக்கால்வாசிக்கு மேல வெட்டி எடுத்துடுறாங்க, மிச்சம் இருக்கறது ஒரு வாழைப்பழம் கணக்கா ஒல்லியா ஒரு குழாய். அந்த குழாய்க்குள்ள தினமும் 60 கிராம் புரோட்டீனாவது போயாகணும்னு டயட்டீஷியன் மேடம் சொல்லிட்டாங்க. ரெண்டு இட்லி தின்னா நாலு கிராம் தேறும், அதோட வயிறு ரொம்பிடும், அப்புறம் எங்க போறது. ஒரு முட்டையில 6 கிராம் இருக்கு, இடமும் கம்மியா அடைக்கும், விலையும் நம்ம கைக்கு எட்டுற விலை. புரோட்டீன் பவுடர் குடிச்சேன், ஆனா அந்த வெனிலா இனிப்பு மூணாவது வாரத்துலயே திகட்டி டம்ளரை பாத்தாலே குமட்ட ஆரம்பிச்சிருச்சு.

முட்டை சாப்பிடலாம்னு சொன்ன அன்னைக்கு ஆசையா ஒன்ன நல்லா வேகவெச்சு ரெண்டா வெட்டி மிளகு தூள் போட்டு சாப்பிட்டேன். மூணாவது வாய் மஞ்சக்கரு, உள்ள போச்சு, போய் நெஞ்சுக்கு நடுவுல கல்லு மாதிரி நின்னுக்கிச்சு. கீழயும் இறங்கல மேலயும் வரல, வாய் பூரா நுரை நுரையா எச்சில் ஊறுது, தண்ணி குடிச்சு தள்ளலாம்னா சாப்பாட்டோட தண்ணி கூடாது, முடிச்சு அரை மணி நேரம் கழிச்சுதான். வாஷ்பேசினை புடிச்சுட்டு நின்னேன், அம்மா பின்னாடி நின்னு முதுகை நீவி விட்டுட்டே இருந்தாங்க, "என்ன கண்ணு, எதுக்கு கண்ணு இப்படி ஒடம்ப கெடுத்துக்கிட்ட"ன்னு அழுதுட்டாங்க. கடைசில வாந்தியா வந்து அடங்குச்சு. அதுக்கப்புறம் முட்டை வாசனை வந்தாலே கவுச்சி அடிக்குற மாதிரி இருந்து ரெண்டு மாசத்துக்கு மேல நான் அந்த பக்கமே போகல.

அந்த ரெண்டு மாசம்தான் நான் பண்ண தப்பு. தயிரு, பருப்பு தண்ணி, கொஞ்சம் பன்னீர்னு ஓட்டினேன், கணக்கு போட்டு பாத்தா 35 கிராம் தாண்டல. நாலாவது மாசம் முடி கொட்ட ஆரம்பிச்சுச்சு. வெயிட் வேகமா குறையறப்ப மூணு நாலு மாசத்துல முடி கொட்டுறது நிறைய பேருக்கு வரும், திரும்ப வளந்துரும்னு டாக்டர் சொன்னார், ஆனா புரோட்டீன் பத்தலன்னா இன்னும் அதிகமா கொட்டும்னும் சொன்னார்.

அது புரட்டாசி மாசம். எங்க வீட்டுல புரட்டாசினா முட்டை வாசப்படி தாண்டாது, கேக்கவே எனக்கு மனசு வரல. ஒரு நாள் பாத்ரூம்ல தண்ணி போற ஜாலியில உருண்டை உருண்டையா கிடந்த முடியை அம்மா எடுத்து கையில வெச்சு பாத்துட்டு இருந்தாங்க, ஒண்ணும் பேசல. மறுநாள் காலையில பின்னாடி வாசல்ல பழைய ஸ்டவ்வை வெச்சு இரும்பு வாணலி போட்டு கலக்கி ஊத்திட்டு இருக்காங்க! நம்ம ஈரோடு பக்கம் பரோட்டா கடையில போடுவாங்களே அதே கலக்கி. டம்ளர்ல ஒரு முட்டையை உடைச்சு ஊத்தி, உப்பு, மிளகு, ஒரு ஸ்பூன் குழம்பு விட்டு ஸ்பூனால அடிச்சு, சூடான வாணலியில ஊத்தி ஓரம் வெந்ததும் நாலு பக்கமும் உள்ள மடிச்சு சுருட்டி எடுத்துடறது. கடையில நடுவுல தளதளன்னு பச்சையாவே விட்டுருவாங்க, அம்மா அடுப்பை சிம்ல வெச்சு ஒழுகாத அளவுக்கு வேகவெச்சாங்க, ஆனா காய விடல. சர்ஜரி பண்ண ஒடம்புக்கு பச்சை முட்டை வேண்டவே வேண்டாம், கிருமி பயம் ஒரு பக்கம், வெந்த முட்டையில இருக்கற புரோட்டீன் தான் ஒடம்புல நல்லா ஒட்டும்ங்கறது இன்னொரு பக்கம்.

டீஸ்பூன்ல எடுத்து ஒவ்வொரு வாயையும் கூழாகுற வரைக்கும் மென்னு ஒரு முட்டையை முடிக்க இருபது நிமிஷம் ஆச்சு. நிக்கல. வழுக்கிட்டு இறங்கிருச்சு. குழம்பு வாசம் முட்டை வாசத்தை அமுக்கிருச்சு போல. அம்மா எதுத்தாப்புல உக்காந்து என் தொண்டையவே பாத்துட்டு இருந்தாங்க, இறங்குச்சான்னு.

மஞ்சக்கருவை தூக்கி போட்டுட்டு வெள்ளை மட்டும் சாப்பிடுன்னு சொந்தக்காரங்க சொல்லிட்டே இருந்தாங்க. முட்டையில இருக்கற புரோட்டீன்ல பாதிக்கு கொஞ்சம் கம்மியா மஞ்சக்கருவுல தான் இருக்கு, நமக்கு ரொம்ப தேவைப்படுற பி12ம் அதுலதான், இத்துனூண்டு வயித்தை வெச்சுட்டு அதை எதுக்கு வீணாக்கணும்? கொலஸ்ட்ரால் இருக்கறவங்க மட்டும் அவங்க டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க. முட்டை சாப்பிடுறேன்னு விட்டமின் மாத்திரையை மட்டும் நிறுத்திடாதீங்க, அது ஆயுசுக்கும்.

இப்ப காலையில ஒரு கலக்கி, சாயங்காலம் முட்டையை உடைச்சு ஊத்தின குழம்புல ஒண்ணு, நடுவுல மீனு, பன்னீரு, தயிருனு 60 தொட்டுடறேன். முழுசா வேகவெச்ச முட்டையை தயிர் விட்டு மசிச்சா போகுது, சும்மா சாப்பிட இன்னும் பயமாத்தான் இருக்கு. நெத்தி ஓரத்துல குட்டி குட்டியா புது முடி முளைச்சிருக்கு. எண்ணெய் வெக்கிறப்ப அம்மா தினமும் அங்க விரலை வெச்சு தடவி பாக்குறாங்க.