எலி விந்தகத்தில் புரதக் கைனேஸ் ஏ-வை அளந்த அனுபவம்

முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில், வளர்ந்த ஆண் எலிகளின் விந்தகத்திலும் விந்தணுக்கள் முதிர்ந்து தங்கும் சுருள்குழாயான எபிடிடைமிஸிலும் புரதக் கைனேஸ் ஏ என்னும் நொதியின் செயல்பாட்டை அளக்கத் தொடங்கினேன். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்துப் புரதங்களின் மீது பொருத்தும் இந்த நொதி, செல்லுக்குள் செய்தி கடத்தும் சிறு மூலக்கூறான சைக்ளிக் ஏஎம்பி வந்து பற்றும்வரை தன் ஒழுங்குபடுத்தும் துணையலகுகளிடம் கட்டுண்டு கிடக்கும். விந்தணு நீந்துவதற்கே இது தேவைப்படுவதால், இத்திசுக்களில் அதன் நிலையை அறிய விரும்பினோம்.

ஒரே திசுச்சாற்றைச் சைக்ளிக் ஏஎம்பி சேர்த்தும் சேர்க்காமலும் 30 டிகிரி செல்சியஸில் கதிரியக்க ஏடிபியுடன் சில நிமிடங்கள் வைத்து, நொதி பாஸ்பேட்டை ஏற்றும் தளப்பொருளில் ஏறிய கதிரியக்கப் பாஸ்பரஸ்-32-ஐ எண்ண வேண்டும். சேர்க்காத அளவைச் சேர்த்த அளவால் வகுத்தால், நொதியில் எவ்வளவு பங்கு ஏற்கெனவே விடுபட்டிருக்கிறது என்று தெரியும். பாஸ்பரஸ்-32 14.3 நாளில் பாதியாகக் குறைந்துவிடும் என்பதால், எலிகளும் கருவியும் அது வந்து சேரும் நாளுக்கு ஆயத்தமாக இருக்க வேண்டும்.

முதல் மூன்று வாரங்களில் அந்த விகிதம் ஒன்றை ஒட்டியே வந்தது. விந்தகத்தில் நொதி முழுவதும் விழித்தே இருக்கிறது என்று நான் மகிழ்ந்தேன். வழிகாட்டியோ, புரதக் கைனேஸ் ஏ-வை மட்டும் தடுக்கும் பிகேஐ என்னும் தடுப்பானைச் சேர்த்துப் பார்க்கச் சொன்னார். சேர்த்தபோது எண்ணிக்கை சிறிதளவே குறைந்தது. அதாவது, நான் எண்ணியவற்றில் பெரும்பகுதி வேறு கைனேஸ்களின், அதாவது பாஸ்பேட் ஏற்றும் பிற நொதிகளின் வேலை. தளப்பொருளாக நான் எடுத்திருந்த, டிஎன்ஏ சுற்றியிருக்கும் புரதங்களான ஹிஸ்டோன்களின் கலவையில், சைக்ளிக் ஏஎம்பி தேவைப்படாத பல கைனேஸ்களும் பாஸ்பேட்டை ஏற்றக்கூடியவை என்பதை எண்ணிப்பார்க்காமல் விட்டது என் தவறுதான்.

பிறகு கெம்ப்டைடுக்கு மாறினேன். ஏழே அமினோ அமிலங்கள் கொண்ட இந்தச் சிறு பெப்டைடில் இரண்டு ஆர்ஜினின்கள் நேர்மின்னூட்டத்தோடு இருப்பதால், அது பாஸ்போசெல்லுலோஸ் தாளில் ஒட்டிக்கொள்ளும். நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தில் பலமுறை கழுவினால் எஞ்சிய ஏடிபி போய்விடும். ஒவ்வொரு மாதிரிக்கும் பிகேஐ சேர்த்த ஒரு குழாயையும் வைத்து, அதன் அளவைக் கழித்தேன். திசுவை அரைக்கும் கரைசலில் இருந்த உப்பையும் குறைத்தேன், ஏனெனில் இந்த நொதியின் இரு வகைகளில் முதல் வகையை, சைக்ளிக் ஏஎம்பி இல்லாமலே, மிகுந்த உப்பு அதன் துணையலகுகளிடமிருந்து பிரித்துவிடும். விகிதம் இறங்கிவந்தது.

ஆயினும், சாற்றை நீர்க்கச் செய்யச் செய்ய ஒரு மில்லிகிராம் புரதத்துக்கான செயல்பாடு ஏறிக்கொண்டே போனது. விந்தகமே பிகேஐ-யை உருவாக்குகிறது, நீர்க்க நீர்க்க அதன் தடை தளர்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிகேஐ-யின் ஒரு வகை எலி விந்தகத்திலேயே கண்டறியப்பட்டது. எனவே செயல்பாடு மாறாத நீர்ப்பளவைக் கண்டறிந்த பிறகே மற்ற மாதிரிகளைத் தொட்டேன்.

எபிடிடைமிஸின் வால்பகுதியில் விந்தணுக்கள் நிறைந்திருப்பதால், அவற்றைத் தனியே வெளியேற்றிய பின்னரே திசுவை அரைத்தேன். முதல் மூன்று வாரங்களில் உயிரிழந்த எலிகளை நினைத்தால் இன்றும் வருத்தமே. அந்த அளவுகள் எதையும் ஆய்வேட்டில் சேர்க்கவில்லை.